படகு ஜிபிஎஸ்ஸை மடிக்கணினியில் படிப்பது: விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்குமான முழுமையான வழிகாட்டி

குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் கட்டியிருக்கும் விசைப்படகுகளின் வீல்ஹவுஸில், எக்கோ சவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஜிபிஎஸ் பெட்டி இருக்கும். அதன் பின்புறக் கேபிளில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகளைத் தவிர, யாரும் தொடாமல் டேப் சுற்றி விட்டிருக்கும் மெல்லிய கம்பிகளும் பெரும்பாலும் உண்டு. படகு நிற்கும் இடம், வேகம், திசை, நேரம் ஆகியவற்றை அந்தப் பெட்டி ஓரிரு விநாடிக்கு ஒருமுறை அந்தக் கம்பிகள் வழியாக வெறும் எழுத்துகளாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவற்றை மடிக்கணினிக்குக் கொண்டுவந்துவிட்டால், ஓப்பன்சிபிஎன் போன்ற இலவசக் கடல்வரைபட மென்பொருளில் படகின் இடத்தைக் காட்டலாம். போன வழியைப் பதிந்தும் வைக்கலாம்.

வேலை சிறியது. ஆனால் இதைச் செய்ய முனைபவர் எந்த இயங்குதளத்தில் பழகினாரோ, அதுவே அவர் முதலில் எதைச் சந்தேகிப்பார் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. விண்டோஸில் பழகியவர், எழுத்து வரவில்லை என்றதும் சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடுவார். லினக்ஸில் பழகியவர், சாதனங்கள் கோப்புகளாகத் தெரியும் டெவ் அடைவில் கோப்பு வந்திருக்கிறதா, அதைத் திறக்கும் உரிமை தனக்கு உண்டா என்று பார்ப்பார். மேக்கில் பழகியவரோ கேபிளே பழுது என்று முடிவுகட்டி வேறொன்று வாங்கப் போய்விடுவார். அந்த இயங்குதளத்தில் ஒரு சாதனம் ஒன்று சத்தமில்லாமல் வேலை செய்யும், இல்லையென்றால் சத்தமில்லாமல் வேலை செய்யாது. மூவர் சந்தேகத்திலும் உண்மை உண்டு, ஆனால் மூவரும் நடுவிலிருந்து தொடங்குகிறார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினிப் பாடத்தை உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸில்தான் படிக்கிறார்கள். இந்தப் பக்கம், 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது என்றாலும், விண்டோஸுக்குள் போனவர்களே மிகுதி. எல்லைக்கு இருபுறமும் சொந்தபந்தம் உள்ள குடும்பங்களில், ஒரே கேபிளை அண்ணன் மகனும் அத்தை மகனும் இரண்டு விதமாக அணுகுவதில் வியப்பில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கிறது: சாதனம் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரிந்திருக்கிறதா? கெர்னல் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது? அதைத் திறக்க நமக்கு உரிமை உண்டா, வேறு யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா? எந்த வேகத்தில், எந்த முறையில் பேசுவது? வரிசையை மாற்றாதீர்கள். முதல் கேள்விக்கு விடை இல்லாமல் நான்காவதில் மாற்றங்கள் செய்துகொண்டிருப்பதில்தான் பெரும்பாலான நேரம் வீணாகிறது. கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் தரவேண்டும்.

கணினியைத் தொடுமுன்: கம்பி

யுஎஸ்பியிலிருந்து பழைய சீரியல் போர்ட் முறையான ஆர்எஸ்232-க்கு மாற்றும், 9 ஊசி கொண்ட ஆயத்தக் கேபிளை வாங்குங்கள். மின்னணுச் செய்முறைக்கென்று விற்கும் சிறிய டிடிஎல் பலகை விலை குறைவு என்றாலும் இதற்கு ஆகாது, அது 3.3 அல்லது 5 வோல்ட்டில் இயங்குவது, சிக்னலின் ஏற்ற இறக்கத்தையும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும், படகுக் கருவியின் மின்னழுத்தத்தில் எரிந்துபோகவும் கூடும். ஜிபிஎஸ்ஸின் கையேட்டைப் பார்த்து, தகவல் வெளியே வரும் கம்பியைக் கேபிளின் 2-ஆம் ஊசியோடும், சிக்னல் கிரவுண்டை 5-ஆம் ஊசியோடும் இணையுங்கள். 3-ஆம் ஊசி கணினி பேசும் ஊசி. அதை வெறுமனே விட்டுவிடுங்கள். நாம் கேட்க மட்டும்தான் போகிறோம். பேசாமல் இருப்பது ஏன் நல்லது என்பது லினக்ஸ் பகுதியில் தெரியும். படகின் பேட்டரிக் கம்பிகள் இந்த 9 ஊசிகளில் எதையும் தொடக்கூடாது. உப்புக்காற்றில் பச்சை பூத்த ஊசிகளை முதலில் துடைத்துவிடுங்கள். பழுது எந்த இயங்குதளத்திலும் இல்லாமல் அங்கேயே இருப்பதும் உண்டு.

முதல் கேள்வி: கெர்னலுக்குத் தெரிந்ததா?

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற தலைப்பின்கீழ் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் இல்லை, அல்லது டிரைவர் அந்தச் சாதனத்தை ஏற்கவில்லை. இந்த இடத்தில் விண்டோஸ் பயனர்கள் உடனே தேடுபொறிக்குப் போய், யாரோ நடத்தும் டிரைவர் தளத்திலிருந்து எதையாவது இறக்கி நிறுவுகிறார்கள். அதற்கு முன் சாதனத்தின் பண்புகளில் டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஐடியைப் படியுங்கள். அதில் தயாரிப்பாளரைக் குறிக்கும் விஐடி 0403 என்றால் எஃப்டிடிஐ சிப், 10சி4 என்றால் சிலிக்கான் லேப்ஸ், 1ஏ86 என்றால் சிஎச்340 குடும்பம், 067பி என்றால் ப்ரோலிஃபிக். சிப் எது என்று தெரிந்தபின் அதைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் டிரைவரை எடுக்கலாம்.

ப்ரோலிஃபிக் சிப்பின் பழைய வகைகளுக்கும் போலிகளுக்கும் அந்நிறுவனத்தின் புதிய விண்டோஸ் டிரைவர் ஆதரவு தருவதில்லை. டிவைஸ் மேனேஜரிலேயே அதைச் சொல்லும் செய்தி தோன்றும். அதே கேபிளை லினக்ஸ் கணினியில் செருகினால் பெரும்பாலும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இயங்கும், ஏனென்றால் அங்கே டிரைவரை எழுதியவர்கள் கெர்னல் உருவாக்குநர்கள். சிப் நிறுவனத்தின் வணிகக் கொள்கை அதற்குள் நுழைவதில்லை. கேபிள் பழுதா, டிரைவரின் மறுப்பா என்று பிரித்தறிய, லினக்ஸ் உள்ள ஒரு பென்டிரைவைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து டிமெசேஜ் (dmesg) கட்டளையைப் பின்தொடரும் முறையில் ஓடவிட்டு, பிறகு கேபிளைச் செருகுங்கள். சாதனத்தைக் கண்டது, எந்த டிரைவரை ஒட்டியது, என்ன பெயர் வைத்தது ஆகிய மூன்றையும் கெர்னல் அடுத்தடுத்த வரிகளில் சொல்லிவிடும். விண்டோஸில் பல சாளரங்களில் சிதறிக் கிடக்கும் விடைகள் இங்கே நான்கைந்து வரிகளுக்குள் கிடைக்கின்றன. லினக்ஸ்காரர்கள் எதற்கெடுத்தாலும் பதிவைப் படிக்கச் சொல்வது இதனால்தான். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யுஎஸ்பி பட்டியலைப் பார்க்க வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் மடிக்கணினி என்றால், இந்தத் துணைக்கருவியை அனுமதிக்கவா என்று கேட்கும் பெட்டியைக் கவனிக்காமல் மூடியிருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள்.

விண்டோஸில் மட்டும் நடக்கும் ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைச் செருகினாலோ கணினியைத் தொடங்கினாலோ, சில வேளைகளில் மவுஸ் அம்புக்குறி தானாகத் திரையெங்கும் பாய்ந்து, கண்டதையெல்லாம் சொடுக்கத் தொடங்கும். வைரஸ் என்று பயந்து மடிக்கணினியையே ஃபார்மேட் செய்தவர்கள் உண்டு. சீரியல் போர்ட்டில் என்ன செருகியிருக்கிறது என்று விண்டோஸ் தானாகவே ஊகிக்கப் பார்க்கிறது. ஜிபிஎஸ்ஸிலிருந்து வரும் எழுத்துகளைப் பழைய சீரியல் மவுஸின் அசைவுகள் என்று எண்ணிவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் மவுஸ்களின் பட்டியலில் சீரியல் பால்பாயிண்ட் என்ற பெயரில் ஒன்று முளைத்திருக்கும். அதை நீக்காமல் டிஸேபிள் செய்யுங்கள், நீக்கினால் மறுபடி முளைக்கும். பயனர் கேட்குமுன்பே உதவ முந்தும் இயல்பு, கீழ்மட்ட வேலைகளில் இப்படித்தான் குறுக்கே வந்து நிற்கும்.

இரண்டாம் கேள்வி: பெயர் என்ன?

விண்டோஸில் போர்ட்டின் பெயர் காம் என்பதும் ஓர் எண்ணும். சிப்புக்குள் வரிசை எண் இருந்தால், எந்த யுஎஸ்பி துளையில் செருகினாலும் அதே காம் எண் கிடைக்கும். சிஎச்340 போன்ற மலிவான சிப்புகளில் பெரும்பாலும் வரிசை எண் இருப்பதில்லை. அப்போது ஒவ்வொரு துளைக்கும் ஒரு புது எண் ஒதுக்கப்படும். நேற்று காம்5-இல் இயங்கிய ஓப்பன்சிபிஎன் இன்று ஊமையாக இருந்தால், கேபிளை நேற்று செருகிய துளைக்கே மாற்றிப் பாருங்கள். அந்தத் துளைக்குப் பக்கத்தில் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்துவிடுவது, கடலுக்குப் போகும் கணினிக்கு எந்த அமைப்பு மாற்றத்தையும் விட உறுதியானது. எண் 9-ஐத் தாண்டிவிட்டால் சில பழைய மென்பொருள்கள் திறக்காது. காம்1 முதல் காம்9 வரைதான் வெறும் பெயராலேயே திறக்கும், அதற்கு மேற்பட்டவற்றுக்குச் சாதனப் பெயர்வெளியின் முன்னொட்டும் வேண்டும் என்ற விதி அந்த மென்பொருள்களை எழுதியவர்களுக்கு நினைவில் இருந்ததில்லை.

இந்தப் பெயர்கள், விண்டோஸுக்கு முன்னோடியாக 1981-இல் வந்த முதல் டாஸ் காலத்தவை. அப்போது டாஸில் அடைவுகளே இல்லை. சாதனங்களின் பெயர்கள் எங்கிருந்தும் செல்லுபடியாகும்படி வைக்கப்பட்டன. 1983-இல் அடைவுகள் வந்தபோது, பழைய மென்பொருள்கள் உடையாமல் இருக்க ஒவ்வோர் அடைவிலும் அந்தப் பெயர்கள் செல்லும் என்று விட்டுவிட்டார்கள். விண்டோஸில் கான் என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாது என்று மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிக்கும் மர்மத்தின் பின்னணி இவ்வளவே.

யுனிக்ஸ் வேறு வழியில் போனது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய அந்த மரபில், சாதனங்களுக்கும் கோப்பு முறைமைக்குள்ளேயே டெவ் என்ற ஓர் அடைவில் இடம் உண்டு. லினக்ஸில் நம் கேபிள் அங்கே டிடிஒய்யுஎஸ்பி0 என்று தோன்றும். கோப்பாகத் தெரிவதால், கோப்பைப் படிக்கும் எந்தக் கட்டளையாலும் ஜிபிஎஸ்ஸைப் படிக்கலாம். தனி மென்பொருளே வேண்டாம். ஆனால் கடைசியில் உள்ள 0 செருகிய வரிசையைத்தான் குறிக்கிறது. இரண்டு கேபிள் இருந்தால் நாளை இது 1 ஆகலாம். டெவ் அடைவுக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற அடைவில் சிப்பின் பெயரோடு கூடிய நிலையான இணைப்பு கிடைக்கும். ஓப்பன்சிபிஎன்னில் அதையே கொடுங்கள்.

எல்லாவற்றையும் கோப்பாகக் காட்டும் இந்த அழகுக்கு ஒரு விலையும் உண்டு. 2016 தொடக்கத்தில், லினக்ஸில் எல்லாக் கோப்புகளையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தபோது, கணினியைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேரின் அமைப்புகளைத் தாங்கி, கோப்புகளாகத் தெரிந்த மாறிகளும் அழிந்து, சில மடிக்கணினிகள் தொடங்கவே முடியாதபடி ஆனது வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு கெர்னலில் அந்த மாறிகளில் பெரும்பாலானவற்றை எளிதில் அழிக்க முடியாதபடி செய்தார்கள்.

மேக்கும் யுனிக்ஸ் மரபுதான், ஆனால் ஒரே கேபிளுக்கு இரண்டு கோப்புகள் தரும்: ஒன்று டிடிஒய் என்றும் மற்றது சியு என்றும் தொடங்கும். முதலாவது, மறுமுனையில் உள்ள மோடம் தான் தயார் என்று ஒரு தனிக் கம்பியில் சிக்னல் தரும்வரை காத்திருக்கும். நம் ஜிபிஎஸ்ஸில் அந்தக் கம்பியே இல்லை. எனவே எப்போதும் சியு கோப்பையே திறக்க வேண்டும்; மேக்கில் கேபிள் பழுது என்று ஒதுக்கப்படுபவற்றில் பலவும் தவறான டிடிஒய் கோப்பைத் திறந்து காத்திருந்தவைதான்.

மூன்றாம் கேள்வி: உரிமை யாருக்கு, பிடித்திருப்பவர் யார்?

விண்டோஸில் சாதாரணப் பயனரும் காம் போர்ட்டைத் திறக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி வந்தால் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிடுவதில் பயனில்லை. பின்னணியில் வேறெந்த மென்பொருள் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

லினக்ஸில் இது நேர்மாறு. அனுமதி இல்லை என்றால் உண்மையாகவே உரிமை இல்லை என்று பொருள். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் சீரியல் போர்ட் டயல்அவுட் என்ற குழுவுக்கு உரியது. உங்கள் பயனர் கணக்கை அக்குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். வெளியேறாமல் சேர்த்தது வேலை செய்யவில்லை என்று சொல்லி, எல்லாக் கட்டளைக்கும் முன்னால், நிர்வாகிக்குரிய முழு உரிமையான ரூட் உரிமையைத் தரும் சூடோ போடும் பழக்கத்துக்குப் போய்விடாதீர்கள். கடல்வரைபட மென்பொருளை ரூட் உரிமையில் ஓட்ட எந்தக் காரணமும் இல்லை. உபுண்டு 22.04-இல் சிஎச்340 கேபிள் தோன்றிய மறுகணமே மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை அதைத் தன் சாதனம் என்று எடுத்துக்கொண்டிருக்கும். வீட்டில் பிரெய்ல் திரை பயன்படுத்துபவர் இல்லையென்றால் அந்தத் தொகுப்பை நீக்கிவிடலாம்.

விண்டோஸிலிருந்து வருபவர்கள் எதிர்பார்க்காத ஒன்று: லினக்ஸில் ஒரே போர்ட்டை இரண்டு மென்பொருள்கள் திறந்தாலும் பிழைச்செய்தி வராமல் போகலாம். யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு அந்த எழுத்துகள் போய்விடும். விளைவாக இரண்டு சாளரங்களிலும் அரைகுறை வரிகள் வரும். பார்ப்பவர் வேகம் தவறு என்று எண்ணி நான்காம் கேள்வியில் போய் மாட்டிக்கொள்வார். வரிகள் படிக்கத்தக்கவையாக இருந்து நடுநடுவே அறுந்திருந்தால், பியூசர் (fuser) கட்டளையால் யார் திறந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மேக்கில் போர்ட்டைப் படிக்க ஸ்க்ரீன் என்ற கருவியைப் பயன்படுத்தும்போது சாளரத்தை மட்டும் மூடினால் அது பின்னணியில் போர்ட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல் ஏ, பிறகு கே, பிறகு ஒய் அழுத்தி முறைப்படி முடிக்க வேண்டும்.

நான்காம் கேள்வி: வேகமும் முறையும்

படகு ஜிபிஎஸ் பேசும் என்எம்இஏ 0183 என்ற நெறிமுறையின் வழக்கமான வேகம் 4800 பாட். 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். சுற்றியுள்ள கப்பல்களின் இடத்தைத் தெரிவிக்கும் ஏஐஎஸ் கருவிகள் 38400-இல் பேசும். திரை முழுதும் புரியாத குறிகள் நிறைந்தால் வேகம் தவறு. எதுவுமே வராவிட்டால் முந்தைய கேள்விகளில் ஒன்றுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

விண்டோஸில் புட்டி என்ற இலவச டெர்மினல் மென்பொருளைத் திறந்து, சீரியல் என்பதைத் தேர்ந்து, காம் எண்ணும் 4800-ம் கொடுத்து, ஃப்ளோ கன்ட்ரோலை நன் என்று மாற்றித் தொடங்குங்கள். மேக்கில் ஸ்க்ரீன் கட்டளைக்கு சியு கோப்பின் பெயரையும் 4800-ஐயும் கொடுத்தால் போதும். எஸ்டிடிஒய் (stty) கட்டளையால் வேகத்தை வைத்துவிட்டுப் பிறகு தனியே படிக்கும் லினக்ஸ் வழக்கம் அங்கே உதவாது, கோப்பு மூடியதும் வேகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

லினக்ஸில் எஸ்டிடிஒய் கட்டளையால் வேகத்தை மட்டும் 4800 என்று வைத்து, கேட் கட்டளையால் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு வெற்று வரி வரும். காரணம் இருக்கிறது. லினக்ஸ் இந்த போர்ட்டின் மறுமுனையில் ஒரு மனிதர் டெர்மினலில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் என்றே இன்னும் எண்ணுகிறது. ஜிபிஎஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அனுப்பும் இரண்டு குறிகளில் முதலாவதை என்டர் விசை என்று கொண்டு அதையும் ஒரு புது வரியாக்குகிறது. அதோடு நிற்காமல், வந்த எழுத்தையெல்லாம் தட்டச்சு செய்தவர் பார்க்கட்டும் என்று ஜிபிஎஸ்ஸுக்கே எதிரொலிக்கிறது. 3-ஆம் ஊசியை இணைக்காமல் விட்டதால் அந்த எதிரொலி எங்கும் போய்ச் சேராது. எஸ்டிடிஒய் கட்டளையிலேயே ரா என்பதையும், எக்கோவை நிறுத்தும் மைனஸ்எக்கோ என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். வெற்று வரிகள் மறைந்துவிடும்.

வரும் வரிகளில் ஜிபிஆர்எம்சி அல்லது ஜிஎன்ஆர்எம்சி என்று தொடங்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காற்புள்ளிகளுக்கு நடுவே முதலில் 061530 என்று இருந்தால் அது உலக நேரம் 6 மணி 15 நிமிடம் 30 விநாடி. நம் நேரப்படி காலை 11.45.30. அடுத்த எழுத்து ஏ என்றால் இடம் நம்பத்தக்கது, வி என்றால் ஜிபிஎஸ்ஸுக்கே இன்னும் தெளிவில்லை. பிறகு 0810.70, வடக்கு, 07715.40, கிழக்கு என்று வந்தால் குளச்சல் பக்கம் நிற்கிறீர்கள். இதில் முதல் எண்ணை 8.1070 பாகை என்று படித்துவிடாதீர்கள். 8 பாகை 10.70 நிமிடம் என்பதே சரி, தசமத்தில் 8.1783. தவறாகப் படித்தால் படகு வரைபடத்தில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்கும். வரியின் கடைசியில் நட்சத்திரக் குறிக்குப் பின்வரும் இரண்டு இலக்கம், வழியில் எழுத்து சிதையவில்லை என்று சரிபார்ப்பதற்கானது. அதை ஓப்பன்சிபிஎன் பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு ஒரு சொல். இரண்டாம் பதிப்பு ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடுவதால், செருகிய கேபிள் அங்கே தானாகத் தோன்றாது. யுஎஸ்பிஐபிடி என்ற கருவியால் சாதனத்தை உள்ளே அனுப்ப வேண்டும், அனுப்பியதும் அது விண்டோஸிலிருந்து மறைந்துவிடும். ஜிபிஎஸ் படிப்பதற்காக இவ்வளவு சுற்றத் தேவையில்லை, புட்டியே போதும்.

அதே கேள்விகள், வட்டில்

மேலே சொன்ன லினக்ஸ் பென்டிரைவை உருவாக்கும்போதும் இந்தக் கேள்விகளே வரும், ஆனால் இங்கே தவறினால் தரவு போய்விடும். விண்டோஸில் பென்டிரைவை உருவாக்கும் மென்பொருளான ரூஃபஸ் இயல்பாக யுஎஸ்பி வட்டுகளை மட்டுமே பட்டியலிடுவதால் ஆபத்து குறைவு. லினக்ஸ் கோப்பு முறைமை உள்ள பென்டிரைவைப் பின்னர் விண்டோஸில் செருகும்போது, பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று கேட்கும் பெட்டி வரும். அது பழுதைச் சொல்வதில்லை, தனக்குத் தெரியாததைத்தான் சொல்கிறது, கேன்சல் செய்யுங்கள்.

லினக்ஸில் எஸ்டிஏ என்பது எப்போதும் உள்வட்டு என்ற பழைய நினைப்பை விட்டுவிடுங்கள். என்விஎம்இ வட்டு உள்ள மடிக்கணினியில் பென்டிரைவே எஸ்டிஏ ஆகலாம், பழைய கணினியில் அதுவே உங்கள் மொத்தத் தரவும் உள்ள வட்டாக இருக்கும். எல்எஸ்பிஎல்கே காட்டும் அளவையும் மாடல் பெயரையும் பார்த்து, அன்மவுண்ட் செய்த பிறகே, வட்டில் எழுதும் டிடி (dd) கட்டளையைக் கொடுங்கள். மேக்கில் டிஸ்க்யுடிலால் அன்மவுண்ட் மட்டும் செய்யுங்கள், எஜெக்ட் செய்தால் சாதனமே போய்விடும். வட்டின் பெயருக்கு முன்னால் ஆர் சேர்த்த கோப்பில் எழுதினால் இடைத்தேக்கத்தைத் தாண்டி நேரே எழுதுவதால் விரைவாக முடியும், கன்ட்ரோல் டி (T) அழுத்தினால் எவ்வளவு எழுதியாயிற்று என்று காட்டும்.

லினக்ஸில் டிடி சில விநாடிகளிலேயே முடிந்துவிட்டதாகச் சொன்னால் நம்பாதீர்கள். எழுதியது நினைவகத்தின் இடைத்தேக்கத்தில் இருக்கும். கட்டளையோடு எஃப்சிங்க் தேர்வைச் சேர்த்திருந்தால் அதுவே காத்திருக்கும். சேர்க்காவிட்டால் சிங்க் என்று தட்டி, அந்தக் கட்டளை முடிந்து டெர்மினல் மறுபடி உங்களுக்காகக் காத்திருக்கும்வரை பென்டிரைவைப் பிடுங்காதீர்கள். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் வெளிவட்டுகளை விரைவில் அகற்றும் முறையே இயல்பாக இருப்பதால், அங்கிருந்து வருபவர்களின் கை பிடுங்கிப் பழகியிருக்கும்.